சிறு ஆய்வு நல்கை: எதற்குக் கேட்பது, எப்படிக் கேட்பது

கேள்வி: சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் வேலையும் குடும்ப வாழ்க்கையும் என் ஆய்வுப் பொருள். முதுகலை முடித்தபின் குழந்தைக்காக மூன்றாண்டுகள் படிப்பை நிறுத்தியிருந்தேன். பெண் ஆய்வாளர்களுக்கான சிறு நல்கைகளுக்கு, அதாவது சிறு நிதியுதவிகளுக்கு, இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டுமே கிடைக்கவில்லை. ஒன்றில் கல்விக் கட்டணத்தில் பாதியும் மடிக்கணினியும் கேட்டிருந்தேன். மற்றதில் 'களப்பணிச் செலவு' என்று ஒரே தொகையாகக் கேட்டிருந்தேன். இப்போது 24 நேர்காணல்கள் எடுக்கவும், பகுப்பாய்வு மென்பொருளில் ஐந்து நாள் பயிற்சி பெறவும் பணம் தேவை. படிப்பில் விழுந்த இடைவெளியை விண்ணப்பத்தில் சொல்லலாமா? ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கேட்கலாமா?

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டு விண்ணப்பங்களிலும் உங்கள் ஆய்வில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. கேட்ட விதத்தில்தான் சிக்கல். சிறு நல்கை தருபவர்கள் ஒரு முழு ஆய்வேட்டைத் தாங்கிப் பிடிக்க நினைப்பதில்லை. அவர்களிடம் அவ்வளவு பணமும் இருக்காது. தாங்கள் தரும் தொகையால் இன்ன வேலை இன்ன மாதத்தில் தொடங்கி இன்ன மாதத்தில் முடிந்தது என்று ஆண்டறிக்கையில் எழுத முடிய வேண்டும், அதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. கல்விக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்தால் அப்படி எழுத எதுவும் இல்லை. மடிக்கணினி ஆய்வு முடிந்த பிறகும் உங்களிடமே இருக்கும் பொருள்; பல நிதிகள் அதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. '24 நேர்காணல்கள், எழுத்தாக்கம் (ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது) உட்பட, எட்டு மாதங்களில்' என்று கேட்டால் அது பெயர் சொல்லக்கூடிய வேலை. இனி எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இப்படி ஒரே ஒரு வேலையைச் சுற்றி எழுதுங்கள்.

அதனால் முதல் காரியமாக நேர்காணலையும் மென்பொருள் பயிற்சியையும் பிரித்துவிடுங்கள். நேர்காணல் ஆய்வுச் செலவு. பயிற்சி தொழில் மேம்பாட்டுச் செலவு. பெரும்பாலான இடங்களில் இவை தனித்தனி நிதிகள். ஒரே அமைப்பு நடத்தினாலும் படிவம், குழு, கெடு எல்லாம் வேறு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டால் 'இதில் பாதி எங்கள் வரம்புக்குள் வராது' என்று முழு விண்ணப்பமும் ஒதுக்கப்படும்.

எங்கே கேட்பது என்பதில் பெயரை நம்பாமல் தகுதி விதியைப் படியுங்கள். பெண்களுக்கென்று நல்கை தரும் வழக்கம் பழையது. 1881இல் தொடங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் தன் முதல் உதவித்தொகையை 1888இல் கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு நிதியும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனத்தில் வைத்தே விதி எழுதுகிறது. சோன்டா இன்டர்நேஷனல் என்ற பெண்கள் தொண்டு அமைப்பு 1938இல் தொடங்கிய அமேலியா ஏர்ஹார்ட் நல்கை, விண்வெளிப் பொறியியலிலும் விண்வெளி அறிவியலிலும் முனைவர் ஆய்வு செய்யும் பெண்களுக்கானது. நீங்கள் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மார்கரெட் மெக்னமாரா கல்வி நல்கைகள் 1981 முதல் வளரும் நாடுகளின் பெண்களுக்குத் தரப்படுகின்றன. குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருக்க வேண்டும். பெண்களின் கல்விக்கு உதவும் பி.இ.ஓ. என்ற அமெரிக்க அமைப்பு 1973இல் தொடங்கிய தொடர்கல்வி நல்கை, இடையில் குறைந்தது 24 மாதங்கள் தொடர்ச்சியாகப் படிப்பை விட்டிருந்த பெண்களுக்கே உரியது. ஆனால் அது அமெரிக்க, கனடியப் பெண்களுக்கு மட்டும். அமைப்பின் உள்ளூர்க் கிளை ஒன்று பரிந்துரைக்கவும் வேண்டும். பிரிட்டனில் பெண் பட்டதாரிகளுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று வாழ்க்கைச் செலவுக்குக் கொடுக்கும், கட்டணத்துக்குக் கொடுக்காது. ஒரே நோக்கம் சொல்லும் நான்கு இடங்களில் நான்கு வேறு கதவுகள் இருப்பதைக் கவனியுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டியது 'எவற்றுக்குக் கொடுக்க மாட்டோம்' என்ற பகுதி. அடுத்து, பணம் எப்போது, யார் கையில், எந்த வழியில் வரும் என்பது. பலர் இதைக் கவனிக்காமல் விட்டு, நல்கை கிடைத்த பிறகு தவிக்கிறார்கள். சில நிதிகள் முன்பணம் தராது. நீங்கள் செலவழித்து ரசீது கொடுத்தபின் திருப்பித் தரும். கையில் பணம் இல்லாத ஆய்வு மாணவிக்கு இது நல்கையே இல்லை, கடன் வாங்கச் சொல்லும் ஏற்பாடு. அப்படிப்பட்ட நிதி என்றால், பல்கலைக்கழகம் முன்பணம் தருமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வையுங்கள். பணம் பல்கலைக்கழகக் கணக்கு வழியாக வந்தால் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நிதி தருபவர் அதை அனுமதிக்காவிட்டால், அந்த விதியை அச்செடுத்து நிதிப் பிரிவில் முன்கூட்டியே கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நீங்கள் ஏற்கெனவே உதவித்தொகை பெறுபவர் என்றால், வெளியிலிருந்து பணம் வந்தால் அது குறையுமா என்பதையும், வரி உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். இன்னொன்று: நல்கை உத்தரவின் தேதிக்கு முன் செய்த செலவை ஏறக்குறைய யாரும் ஏற்க மாட்டார்கள். முடிவு தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம் என்று வைத்து, கால அட்டவணையை அதற்குப் பிறகு தொடங்குங்கள். அடுத்த மாதமே களத்துக்குப் போவதாக எழுதினால், முடிவு வரும்முன் வேலை முடிந்துவிடுமே என்று கழித்துவிடுவார்கள்.

செலவுத் திட்டத்துக்கு வருவோம். உங்கள் இரண்டாவது விண்ணப்பம் விழுந்த இடம் இதுதான் என்று நினைக்கிறோம். களம் எப்படி இயங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டும் பகுதி செலவுத் திட்டம். அதை ஒரே தொகையாக அடைத்துவிட்டால் அந்த அறிவு முழுவதும் மறைந்துபோகிறது.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். 24 நேர்காணல்கள், ஒவ்வொன்றும் 75 நிமிடம் என்றால் மொத்தம் 30 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஐந்து என்று வைத்தாலும் 150 மணி நேரம்; நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 25 வேலை நாட்கள். விண்ணப்பங்களில் மிக அதிகமாக விட்டுப்போகும் செலவு இதுதான். பயணத்துக்குக் கேட்டிருப்பார்கள், எழுத்தாக்கத்துக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் கேட்கப்படாத பதிவுகள் மட்டும் கையில் இருக்கும். தானியங்கி மென்பொருளில் போட்டுவிடலாம் என்றால், அது தரும் வரைவையும் கேட்டுத் திருத்தியாக வேண்டும். ஒரு பதிவில் சோதித்துப் பார்த்து, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து அந்த எண்ணை எழுதுங்கள். செவிலியர்கள் தங்கள் மேலதிகாரிகளைப் பற்றிப் பேசிய பதிவை வெளி நிறுவனத்தின் சேவையகத்தில் ஏற்றுவதற்கு நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் குழு) ஒப்புதல் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பயணமும் அப்படியே. இரவுப் பணி முடித்தவர் பகலில் தூங்குவார். பணிப்பட்டியல் திடீரென்று மாறும். ஒரு பயணத்தில் இரண்டு நேர்காணலுக்கு மேல் நடக்காது. ஆக 24க்கு 12 பயணங்கள், தள்ளிப்போகும் சந்திப்புகளுக்கு மூன்று, மொத்தம் 15. இந்தக் கணக்கை அப்படியே இரண்டு வரியில் எழுதுங்கள். '12 பயணங்கள்' என்று மட்டும் எழுதியவரைவிட, ஏன் 15 என்று சொன்னவருக்குக் களம் தெரியும் என்று படிப்பவர் முடிவு செய்வார்.

நிதியின் உச்ச வரம்பு 100 பங்கு என்றால், உங்கள் திட்டம் ஏறக்குறைய இப்படிப் பிரியலாம்: பயணம் 34, எழுத்தாக்கம் 36, நேர்காணல் தருபவர்களின் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் 12, நேர்காணல் நாட்களில் குழந்தைப் பராமரிப்பு 10, கடவுச்சொல்லால் பூட்டக்கூடிய இரண்டு சேமிப்பு வட்டுகள் 6, வங்கிக் கட்டணம் 2. ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம், அந்த விலை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற நான்கும் இருக்க வேண்டும். எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிந்தால் விலை விசாரிக்காமல் போட்ட கணக்கு என்று தெரிந்துவிடும். 'இதர செலவுகள்' என்ற வரியைச் சேர்க்காதீர்கள். விலை ஏற்றத்துக்கு இடம் வேண்டுமானால் அந்தந்த வரியிலேயே காரணத்தோடு காட்டுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் வரும் நல்கை என்றால் எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்று குறிப்பிடுங்கள்.

குழந்தைப் பராமரிப்பைப் பட்டியலில் சேர்க்கத் தயங்குவீர்கள் என்று தெரியும். சில நிதிகள் அனுமதிக்கின்றன, சில இல்லை, பல அதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாத இடங்களில் மின்னஞ்சலில் கேளுங்கள்: 'இரவு ஏழு மணிக்கு மேல் நடக்கும் எட்டு நேர்காணல்களுக்குப் பராமரிப்பாளர் செலவை ஆய்வுச் செலவாகக் காட்டலாமா?' கேட்பதால் மதிப்பெண் குறையாது. அலுவலகத்தில் பதில் எழுதுபவரும் மதிப்பிடுபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

உங்களைவிடப் பெரிய வருமானமுள்ள ஒருவர் செலவழித்துவிட்டு மறந்துபோகும் தொகைதான் ஒரு சிறு நல்கை. ஆனால் உங்களுக்கு அது ஓர் அத்தியாயத்தின் உயிர். அதனால் கூச்சப்படாமல், உண்மையில் ஆகும் முழுச் செலவையும் கேளுங்கள். குறைத்துக் கேட்டால் பொறுப்பானவர் என்று நினைப்பார்கள் என்பது தவறான கணிப்பு. 'இந்தப் பணத்தில் இந்த வேலை முடியாது' என்றே மதிப்பீட்டாளர் எழுதுவார். வரம்பைவிடச் செலவு கூடினால், மீதி எங்கிருந்து வரும் என்று ஒரு வரி சேருங்கள், அல்லது 24ஐ 16 ஆக்குங்கள்.

இனி எழுத்துப் பகுதி. மதிப்பிடுபவர்களில் பலர் ஊதியமின்றிச் செய்பவர்கள், உங்கள் துறையைச் சேராதவர்கள், ஒரே வாரத்தில் பல பத்து விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். 500 சொற்கள் என்று கேட்டிருந்தால் 80 சொற்களில் கேள்வி, 120 சொற்களில் இதுவரை செய்ததும் எஞ்சியிருப்பதும், 200 சொற்களில் இந்தப் பணத்தால் நடக்கப்போகும் வேலை, 100 சொற்களில் அதன் பின் என்ன என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலரும் முதல் பகுதிக்கு 300 சொற்களைக் கொடுத்துவிடுகிறார்கள். பணத்தால் நடக்கும் வேலைக்கு இரண்டு வாக்கியமே மிஞ்சுகிறது.

இந்த இடத்தில் பெண் விண்ணப்பதாரர்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு ஆய்வுகள் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளைக்கு வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியாதபோதும் பெண்களின் விண்ணப்பங்கள் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தன. காரணங்களில் ஒன்றாகத் தெரிய வந்தது சொற்களின் தேர்வு: பெண்கள் தலைப்புக்கே உரிய குறுகிய சொற்களை அதிகம் எழுதினார்கள், ஆண்கள் பரந்த சொற்களை எழுதினார்கள், மதிப்பீட்டாளர்கள் பரந்த சொற்களை விரும்பினார்கள். பரந்த சொல் எழுதியவர்கள் பின்னர் சிறந்த ஆய்வு செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என்றாலும் மதிப்பெண் அப்படித்தான் விழுந்தது. ஆகவே முதல் வாக்கியத்தை 'ஒரு மருத்துவமனையின் மூன்று பிரிவுகளில் செவிலியர் பணிச்சுழற்சி' என்று தொடங்காதீர்கள். 'இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க வேண்டிய ஒரு சேவையின் சுமை வீட்டுக்குள் யார் மேல் விழுகிறது?' என்று தொடங்கி, இரண்டாம் வாக்கியத்தில் மருத்துவமனைக்கு வாருங்கள்.

மற்றது கனடாவின் சுகாதார ஆய்வு நிதியைப் பற்றியது, அதுவும் 2019இல் வெளிவந்தது. ஆய்வுத் திட்டத்தை மையமாக வைத்து மதிப்பிட்டபோது ஆண் பெண் வெற்றி விகித வேறுபாடு 0.9 சதவீதப் புள்ளி. ஆய்வாளரின் தகுதியை மையமாக வைத்து மதிப்பிட்டபோது அது 4 சதவீதப் புள்ளியாக விரிந்தது. அவை பெரிய நல்கைகள்தான், துறையும் வேறு. ஆனாலும் பாடம் இங்கேயும் பொருந்தும்: தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் திட்டத்தைப் பார்த்து மதிப்பிடும் நிதிகளுக்கு முதலிடம் கொடுங்கள், உங்கள் ஆர்வத்தையும் உழைப்பையும் பற்றி எழுதும் வரிகளை வெட்டி, அந்த இடத்தைச் செய்முறைக்குக் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கவனம் தேவை. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை, பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குறுகியவை, ஐயம் கிளப்பும் வரிகள் அதிகம் கொண்டவை என்று காட்டியது. 'கடின உழைப்பாளி, பணிவானவர், எல்லோருக்கும் உதவுபவர்' என்ற கடிதம் பாராட்டுப் போலத் தோன்றும். ஆய்வு பற்றி அதில் எதுவும் இருக்காது. உங்கள் நெறியாளரிடம் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: நிதியின் பெயர், அது எதைத் தேடுகிறது, செலவுத் திட்டம், இதுவரை முடித்த நேர்காணல்கள், அவற்றில் கண்ட ஒரு புதிய விஷயம், கடிதம் சேர வேண்டிய தேதி. 'இந்த முறைமையை நான் கையாளக்கூடியவள் என்பதைத் தாங்கள் எழுதினால் உதவியாக இருக்கும்' என்று கேட்பதில் தவறில்லை. நல்ல நெறியாளர் இப்படி ஒரு குறிப்பு கிடைத்ததற்கு மகிழ்வார். பத்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல், மூன்று நாள் முன்பு மற்றொன்று.

இடைவெளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில், தேதியோடு: 'இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை குழந்தை வளர்ப்புக்காகப் படிப்பை இடைநிறுத்தினேன், இந்த மாதத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன்.' மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், போராட்டக் கதையும் வேண்டாம். சொல்லாமல் விட்டால் தன்விவரக் குறிப்பில் மூன்றாண்டு வெற்றிடம் தெரியும், படிப்பவர் தன் ஊகத்தால் அதை நிரப்பிக்கொள்வார். படிப்புக்குத் திரும்பிய பெண்களுக்கென்றே உள்ள நிதிகளில் மட்டும் இதை ஒரு பத்தியாக விரித்து எழுதலாம். அங்கே இடைவெளிதான் தகுதி.

பயிற்சிக்கான விண்ணப்பம் இதைவிட எளிது. 'அறிவை வளர்த்துக்கொள்ள' என்று எழுதினால் எந்தக் குழுவும் அசையாது. முப்பது மணி நேரப் பதிவிலிருந்து வரும் சில நூறு பக்கங்களைக் குறியிட்டு வகைப்படுத்த இந்த மென்பொருள் தேவை, என் பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி இல்லை, பயிற்சி முடிந்த இரண்டு மாதங்களில் நான்காம் அத்தியாயத்தின் பகுப்பாய்வு முடியும் என்று எழுதுங்கள். இடம் உறுதியான கடிதத்தையோ பாடத்திட்டத்தையோ இணையுங்கள். உரிமக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டு வையுங்கள். பயிற்சியின்போது இலவசமாகக் கிடைத்த உரிமம் சில வாரங்களில் காலாவதியாகி, கற்றது கையை விட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. பயிற்சி களப்பணிக்கு வெகு முன்னால் வந்தாலும் இதே கதிதான். குறைந்தது ஐந்தாறு நேர்காணல் எழுத்தாக்கம் கையில் இருக்கும்போது போங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் இன்றே அதற்கு விண்ணப்பியுங்கள். நல்கை கிடைத்தும் ஒப்புதல் தாமதமாகி, செலவழிக்க வேண்டிய காலம் முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

மீண்டும் கிடைக்காவிட்டால் மதிப்பீட்டுக் குறிப்புகள் தருவார்களா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தந்தால் அடுத்த சுற்றில் அதற்குப் பதில் சொல்லும் விதமாகத் திருத்துங்கள். நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நிதியைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், வெட்டுப்புள்ளிக்குச் (தேர்வாகத் தேவையான மதிப்பெண்ணுக்குச்) சற்று மேலே நின்று வென்றவர்கள், சற்றுக் கீழே நின்று தோற்றவர்களைவிட அடுத்த எட்டாண்டுகளில் இரு மடங்குக்கும் அதிகமான நிதி பெற்றிருந்தார்கள். தோற்றவர்களில் பலர் அதன் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். இரண்டு முறை தோற்றபின் மூன்றாவது விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதே எங்களுக்கு நம்பிக்கை தருகிறது.

ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கேட்கலாமா என்றால், விதி தடுக்காதவரை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, 'வேறு எங்கும் விண்ணப்பித்திருக்கிறீர்களா' என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். சிறு நிதிகளை நடத்துபவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மற்றது, ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டாதீர்கள். முதல் நிதியிடம் பயணமும் எழுத்தாக்கமும் 16 நேர்காணலுக்கு, இரண்டாவதிடம் மீதி எட்டுக்கு என்று பிரித்து, ஒன்று மட்டும் கிடைத்தாலும் அந்தப் பகுதி தனியாக நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கேடு வையுங்கள். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்துச் சேமியுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் வெளிறிவிடும், இறுதி அறிக்கை கேட்கும் நாளில் அதில் எழுத்தே இருக்காது.